கை சுருங்கிய காலத்தில் கட்டியவை



ஒரு நாட்டின் வரலாற்றைப் போர்களைக் கொண்டும் அரசியற் சீர்திருத்தங்களைக் கொண்டும் சொல்வது வழக்கம். வீட்டுக் கணக்குக் கொப்பியைக் கொண்டு சொல்வோர் மிகச் சிலர். ஆனால், 1929ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இரண்டாம் உலக யுத்தம் மூண்ட 1939ஆம் ஆண்டு வரையுள்ள பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டால், அந்தக் கொப்பியைப் புரட்டாமல் இலங்கையின் கதையைச் சொல்ல முடியாது. அக்காலத்தில் வீட்டிற் காசு தட்டுப்பட்டது. கிராமச் சங்கத்திற் காசு தட்டுப்பட்டது. அரசாங்கத் திறைசேரியிலும் தட்டுப்பட்டது. ஆயினும், பின்னாளில் நாம் பெருமையோடு எடுத்துப் பேசுகின்ற காரியங்கள் பல அந்தக் கை சுருங்கிய காலத்திலேதான் தொடங்கின. வேறு சில காரியங்கள், காசில்லை என்ற காரணம் காட்டி ஒத்திவைக்கப்பட்டன. எவை தொடங்கின, எவை பின்போடப்பட்டன, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்த மந்தம் நம் நாட்டுக்குள் நுழைந்த வழியைப் பார்ப்போம். தேயிலை, றப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் விற்று, வந்த பணத்திற் சோற்றுக்கு அரிசி வாங்கிய நாடு நம்முடையது. அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. ஆகவே, உலகச் சந்தையில் விலை விழுந்தால் அதன் அதிர்ச்சி நேரே அடுப்படிக்கு வந்து சேரும். 1925ஆம் ஆண்டில் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் றப்பர் நான்கு சிலிங்குக்கு மேலும் விற்றது. 1932ஆம் ஆண்டில் அதே றப்பர் மூன்று பென்சுக்கும் குறைவாக விற்றது. ஒரு சிலிங்குக்குப் பன்னிரண்டு பென்சு என்பதை நினைவில் வைத்தால், வீழ்ச்சியின் ஆழம் விளங்கும். பால் வெட்டும் கூலிக்கே விலை கட்டாத நிலையிற் பல தோட்டங்கள் மரங்களை வெட்டாமலே விட்டுவைத்தன. தேயிலைக்கு 1933ஆம் ஆண்டிலும் றப்பருக்கு 1934ஆம் ஆண்டிலும் சர்வதேச உடன்படிக்கைகள் செய்து உற்பத்தியை மட்டுப்படுத்திய பின்னரே விலைகள் சற்றுத் தலைதூக்கின.

இந்த வீழ்ச்சியின் முதற் பாரம் யார் தோளில் இறங்கியது? தோட்டத்துத் தொழிலாளர் தோளில். 1927ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, 1929ஆம் ஆண்டு முதல் அவர்களுக்குக் குறைந்தபட்ச நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்பது அக்கணக்கு. குடும்பம் முழுவதும் மலையேறினாலன்றி உலை ஏறாது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லும். அந்தக் கூலியும் 1931ஆம் ஆண்டுக்கும் 1933ஆம் ஆண்டுக்கும் இடையிற் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அரிசியின் விலையும் இறங்கியதே என்று துரைமார் நியாயம் கூறினர். வேலை நாட்களும் குறைந்துபோனபோது அந்த நியாயம் பசியை ஆற்றவில்லை. பல்லாயிரம் தொழிலாளர் லயத்தைக் காலிசெய்து, தலைமன்னாரிற் கப்பலேறித் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் திரும்பினர். அங்கே அவர்களை எதிர்பார்த்து நின்றதும் அதே மந்தந்தான். இங்கே பிறந்த பிள்ளைகளோடு அங்கே போய், அந்த ஊரில் அந்நியராகி, விலை ஏறியதும் மீண்டும் திரும்பி வந்த குடும்பங்களும் உண்டு.

வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த மந்தம் வேறு வழியால் வந்தது. அங்கே பெருந்தோட்டமில்லை. ஆனால் மலாயா இருந்தது. ஆங்கிலம் படித்த பிள்ளை மலாயாவின் புகையிரதப் பகுதியிலோ அரசாங்கக் கந்தோரிலோ எழுதுவினைஞனாக இருப்பான். மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் ஊரிலே தங்கையின் சீதனமும் தம்பியின் பள்ளிக்கூடச் சம்பளமும் நடக்கும். றப்பரும் வெள்ளீயமும் விழுந்தபோது மலாயா அரசாங்கம் ஆட்குறைப்பைத் தொடங்கியது. பணம் வந்த கடல்வழியே வேலையிழந்த பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். காணியை ஒற்றி வைத்து அக்காளைக் கட்டிக்கொடுத்த தகப்பன், அந்த ஒற்றியை மீட்க வழியின்றி நின்றான். தேசவழமையின் கீழ்ச் சீதனமும் முதுசமும் தேடியதேட்டமும் வெவ்வேறாக எண்ணப்படும் சமூகத்தில், காணி கைமாறுவது வெறும் பணச் செய்தியன்று. ஒரு பெண்ணின் எதிர்காலம் கைமாறும் செய்தி. திருவிதாங்கூருக்குப் புகையிலை விற்று வாழ்ந்த கமக்காரருக்கும் அக்காலத்திற் சந்தை நெருக்கியது.

இந்த இடத்தில் ஒரு வினோதமான பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். மந்தமும் வாக்குரிமையும் ஒன்றாகவே இந்நாட்டுக்கு வந்தன. 1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு, இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை அளித்தது. அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மந்திரியைத் தலைவராகக் கொண்டது. காணி கமத்தொழிலுக்கு டி. எஸ். சேனநாயக்கா, கல்விக்கு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, தொழில் கைத்தொழிலுக்குப் பெரி சுந்தரம் என்று பொறுப்புக்கள் அமைந்தன. ஆனால் நிதி, ஆங்கிலேய நிதிக் காரியதரிசியின் கையிலே இருந்தது. மக்களுக்குப் பதில் சொல்பவர் ஒருவர், பணப்பெட்டியின் திறப்பை வைத்திருப்பவர் இன்னொருவர் என்ற அந்த நிலை, பத்தாண்டு முழுவதும் இழுபறிக்குக் காரணமாயிற்று. வருமானவரியைச் சட்டமாக்கியது இந்தச் சபையே. 1932ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. ஏழையின் உப்புக்கும் அரிசிக்கும் வரி வாங்கிய நாட்டில், வருவாயுள்ளவனிடமும் வரி கேட்கும் துணிவைத் தந்தது வெறுமையான திறைசேரியே.

அந்தச் சபையின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் குரல் அங்கே ஒலிக்கவில்லை. பூரண சுயராச்சியம் தரவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்தது. நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. 1934ஆம் ஆண்டின் உபதேர்தல்கள் வரை அவை வெறுமையாகவே கிடந்தன. அந்த இலட்சியத்தின் தூய்மையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் மந்தத்தின் மிகக் கொடிய மூன்று ஆண்டுகளும் அந்த வெறுமையான ஆசனங்களின் ஆண்டுகளே. நிர்வாகக் குழுக்களில் வேலைத்திட்டங்கள் பங்கிடப்பட்ட வேளையில் குடாநாட்டுக்காகக் கை உயர்த்த ஆளிருக்கவில்லை.

இந்நிலையில் 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி முதலிய ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிகளிலிருந்து மலேரியாக் காய்ச்சல் பரவி, 1935ஆம் ஆண்டு வரை நீடித்து, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலேரியா இந்நாட்டுக்குப் புதிதன்று. இம்முறை அது இத்தனை பேரைக் கொன்றதற்கு, அவர்கள் ஏற்கனவே அரைவயிற்றோடு இருந்ததும் ஒரு காரணம். கொயினா கொடுத்தால் மட்டும் போதாது, உணவும் கொடுக்க வேண்டும் என்பதைக் கிராமங்களுக்குப் போன சேவையாளர் நேரிலே கண்டனர். சூரியமல் இயக்கத்தினர் அவ்வாறு போனவர்களில் முக்கியமானவர்கள். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிற் படித்துத் திரும்பிய இளைஞர் பலர் அவர்களுள் இருந்தனர். றுவான்வெல்லைப் பகுதியில் நிவாரண வேலை செய்த கலாநிதி என். எம். பெரேராவை, 1936ஆம் ஆண்டில் அத்தொகுதி மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினர். வாக்குச்சீட்டும் மருந்துப் போத்தலும் ஒரே கையாற் கொடுக்கப்பட்ட காலம் அது.

இனி, இந்த இருளில் ஏற்றப்பட்ட விளக்குகளைப் பார்ப்போம். அவற்றுட் பெரியது காணி அபிவிருத்தி. மகாசேன மன்னன் கட்டிய மின்னேரிக் குளத்தின் கீழ், 1930களின் முற்பகுதியிற் குடியேற்றம் தொடங்கிற்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம், முடிக்குரிய காணியைக் கமக்காரனுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறையை வகுத்தது. கடனுக்காகக் கைமாறாதபடி அந்தக் காணிக்குக் காப்பும் செய்தது. ஒற்றியாலும் ஈட்டாலும் காணி இழந்தவர்களின் கண்ணீரைக் கண்டவர்களே அந்த விதியை எழுதியிருக்க முடியும். வடக்கே இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியில் 1936ஆம் ஆண்டிற் குடியேற்றம் அமைந்தது. குடாநாட்டின் நெருக்கத்தாலும் வேலையின்மையாலும் துன்புற்ற குடும்பங்கள் அங்கே காடு வெட்டிக் கழனி கண்டன. ஆயினும் மலைநாட்டில் வேலை இழந்து நின்ற இந்திய வமிசாவளித் தொழிலாளருக்கு இந்தக் காணிப் பங்கீட்டில் இடம் கிடைக்கவில்லை என்பதையும் அதே மூச்சிற் சொல்ல வேண்டும்.

பெரிய விளக்குகளைப் போலவே சிறிய விளக்குகளும் இருந்தன. கடன் கொடுத்து வந்த செட்டிமாரின் கைகளும் முடங்கிய அக்காலத்தில், ஐக்கிய நாணய சங்கங்கள் கிராமத்தவரின் சிறு சேமிப்பை ஒன்றுசேர்த்தன. 1934ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றிற்று. தனித்து நின்று விலை பேசினால் தோற்கும் கமக்காரன், கூடி நின்று பேசக் கற்றான். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் வீ. வீரசிங்கம் போன்றவர்கள், பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்த பின் கூட்டுறவுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தனர். மூளாயில் ஊரவர் கூடித் தமக்கென ஒரு கூட்டுறவு வைத்தியசாலையையே அமைத்தனர்.

யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் தோற்றமும் இதே காலத்தது. 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே நூல்களைச் சேர்த்துப் பிறர் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியோர் அதைக் கண்டு கைகொடுத்தனர். 1934ஆம் ஆண்டில் ஆசுபத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடு அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1935ஆம் ஆண்டிற் பட்டினத்தின் உள்ளூராட்சிச் சபை அதைப் பொறுப்பேற்றது. யோசித்துப் பாருங்கள், நேயர்களே! மலாயாவிலிருந்து ஆட்குறைப்புப் பெற்றவர்கள் வந்திறங்கிய ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளில், அரசாங்கத்தின் பெருந்தொகைக்குக் காத்திராமல், ஒரு தனிமனிதரின் அலுமாரி ஊரின் சொத்தாக மாறியது. அந்த விதையே 1959ஆம் ஆண்டில் அழகிய மாளிகையாகத் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டில் அது எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பிற்காலத்தில் அது மீண்டும் எழுப்பப்பட்டது. முதற் கட்டடத்துக்குமுன் எண்ணூற்றுச் சொச்சம் நூல்களும் ஒரு வாடகை அறையும் இருந்தன என்பதை மறந்துவிடலாகாது.

இனிப் பல்கலைக்கழகத்தின் கதைக்கு வருவோம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906ஆம் ஆண்டிலேயே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்துக் கிளர்ச்சி செய்தனர். 1921ஆம் ஆண்டிற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அது பட்டம் வழங்கும் தகுதி பெற்றிருக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கே மாணவரைத் தயார்செய்தது. ஆட்சிமுறையிலும் அது அரசாங்கத் திணைக்களம் போன்றதே. அதிபர் அரசாங்க உத்தியோகத்தர்; விரிவுரையாளரும் அவ்வாறே. என்ன படிப்பிப்பது என்பதை இலண்டன் தீர்மானித்தது. எவ்வளவு செலவிடுவது என்பதைக் கொழும்புக் கச்சேரி தீர்மானித்தது. இடையில் நின்ற ஆசிரியர்களுக்குத் தீர்மானிக்க மிகச் சிறிதே எஞ்சியிருந்தது.

சுதந்திரமான பல்கலைக்கழகம் உடனே அமைவதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று இடம், மற்றது பணம். கொழும்பிலே அமைப்பதா, மலைநாட்டிலே மாணவர் தங்கிப் படிக்கும் விதமாக அமைப்பதா என்ற விவாதம் 1920களில் மூண்டது. 1928ஆம் ஆண்டிற் சேர் வால்டர் புக்கானன் றிடெல் தலைமையில் ஓர் ஆணைக்குழு ஆராய்ந்தது. ஆணைக்குழு அறிக்கை தந்த காலத்திலேயே உலக மந்தமும் வந்து சேர்ந்தது. அத்துடன் பத்திரிகைகளில் விவாதம் ஓங்கிற்று; கட்டடம் ஓங்கவில்லை. பணம் போதாது என்ற வாதம், இடத்தைப் பற்றிய பிணக்குக்கு வசதியான போர்வையாயிற்று. மாணவர் தங்குமிடமுள்ள பல்கலைக்கழகம் செலவு மிக்கது என்று ஒரு சாராரும், கொழும்பிற் கட்டினால் அது பரீட்சைக் கூடமாகவே நின்றுவிடும் என்று மறு சாராரும் வாதித்தனர். 1938ஆம் ஆண்டிலேதான் அரசாங்க சபை பேராதனையைத் தெரிந்தெடுத்தது. 1941ஆம் ஆண்டில் ஐவர் ஜெனிங்ஸ் வந்தார். 1942ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதி, பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அப்பொழுது அதன் மாணவர் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. முயற்சியைத் தொடக்கி வைத்த அருணாசலம் 1924ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். பேராதனையில் ஒரு விடுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1942ஆம் ஆண்டின் சட்டம், ஆட்சிமுறையில் ஒரு புதிய பாதையை வகுத்தது. பொதுமன்றம், ஆட்சிச் சபை, ஆசிரியர் அடங்கிய மூதவை என்று மூன்று மன்றங்கள் அமைந்தன. கல்வி விடயங்களில் மூதவையின் சொல்லுக்கு வலிமை கிடைத்தது. பணத்தை அரசு கொடுக்கும். அறிவைப் பல்கலைக்கழகமே ஆளும் என்பது அதன் கருத்து. அந்தக் கருத்து நெடுநாள் கேள்வியின்றி நிலைக்கவில்லை. 1966ஆம் ஆண்டின் சட்டம் தேசிய உயர்கல்விச் சபையை ஏற்படுத்தியது. 1972ஆம் ஆண்டில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தோன்றியது அந்த முறையின் கீழேயாகும். 1978ஆம் ஆண்டின் சட்டம் அவற்றைத் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக மீண்டும் பிரித்து, மானியங்கள் ஆணைக்குழுவின் மேற்பார்வையில் வைத்தது. பணம் கொடுப்பவன் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்ற வினா, 1930களில் எழுந்த அதே வினாவே.

இந்தப் பின்போடலுக்கு விலை கொடுத்தவர் யார்? செல்வந்தர் வீட்டுப் பிள்ளை கேம்பிரிட்ஜுக்கும் இலண்டனுக்கும் கப்பலேறிப் போனான். நடுத்தர வீட்டுப் பிள்ளைகளிற் சிலர் கொழும்பிற் படித்தனர். சிலர் சென்னைக்கும் அண்ணாமலை நகருக்கும் போயினர். ஏழைக் கமக்காரனின் கெட்டிக்காரப் பிள்ளை போக இடமின்றி நின்றான். அவனுக்குத் தங்கை இருந்தால், அவள் இன்னும் முன்னதாகவே நின்றாள். கை சுருங்கிய வீடுகளில், ஒரு பிள்ளைக்கே பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியுமென்றால், அது ஆண்பிள்ளைக்கே கட்டப்பட்டது. பல்கலைக்கழகம் பத்தாண்டு தாமதித்தது என்று நாம் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஒரு மனிதன் படிக்கும் வயதில் இருப்பதும் அதே பத்தாண்டுதான். விலை ஏறியபின் றப்பர் மரத்தை மீண்டும் வெட்டலாம். படிக்கும் வயதை மீண்டும் பெற முடியாது. இதை உணர்ந்தவராகவே கன்னங்கரா இலவசக் கல்விக்காக வாதாடினார் எனலாம். 1945ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தபோது, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கதவு திறந்தது.

மந்த காலம் விட்டுச்சென்ற கசப்பான மிச்சம் ஒன்றும் உண்டு. வேலை குறைந்தபோது, வேலை செய்பவனை அயலான் என்று சுட்டும் விரல்கள் பெருகின. கொழும்பில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. ஒரு காலத்தில் எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுசேர்த்த ஏ. ஈ. குணசிங்காவே அதன் முன்னணியில் நின்றார். 1939ஆம் ஆண்டில் அரசாங்கம் தன் நாட்சம்பள வேலையிலிருந்து இந்தியத் தொழிலாளரை விலக்கத் தொடங்கியபோது, ஜவகர்லால் நேரு இங்கு வந்து பேசிப் பார்த்தார், பயன் கிட்டவில்லை. அவ்வேளையில் இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதற்கு வேர்கள் பல. இந்த மந்த காலத்தில் ஊன்றிய வேரும் அவற்றுள் ஒன்று.

2022ஆம் ஆண்டில் இந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது நின்றதையும், எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நீண்ட வரிசைகள் நின்றதையும் கண்டவர்களுக்கு 1930கள் மிகத் தொலைவில் இல்லை. அந்தப் பத்தாண்டு நமக்குத் தருவது ஆறுதலன்று, ஓர் அளவுகோல். கை சுருங்கும்போது எல்லாவற்றையும் செய்ய இயலாது; எதையாவது பின்போடத்தான் வேண்டும். வீதியைப் பின்போடலாம், மாளிகையைப் பின்போடலாம். பிள்ளையின் படிப்பையும் நோயாளியின் மருந்தையும் பின்போட்டால், அந்தக் கணக்கை அடுத்த தலைமுறையே வட்டியோடு தீர்க்கிறது. காணியிற் சிலரையும் வேலையிற் சிலரையும் விலக்கி மிச்சம்பிடித்த நாடு, அந்த மிச்சத்தைப் போலப் பன்மடங்கு பின்னர் இழந்தது. கூடிச் சேமித்த புகையிலைக் கமக்காரரும், தம் அலுமாரியை ஊருக்குத் திறந்துவிட்ட செல்லப்பாவும், திறைசேரியிற் பணம் நிறையும்வரை காத்திருக்கவில்லை. காத்திருக்கக்கூடியது எது, காத்திருக்க முடியாதது எது என்று பிரித்தறிந்தமையே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற முதுசம்.